டபிள்யூவுக்குத் தேதி கிடையாது

1

இந்தக் கதை மார்லிஸ் சொன்னது. விஸ்கான்ஸினில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். முடித்துவிட்டு, "எழுதறதுன்னா எழுதிக்கோங்க. ஆனா என்னை ரொம்ப நல்லவளாக்கிடாதீங்க" என்றாள்.

முதல் வரைவிலேயே அதைத்தான் செய்தேன்.

2

அந்த வரைவு இப்படித் தொடங்கியது:

'அண்ணன் டரல் டிராக்டருக்கு அடியில் சிக்கிய செய்தி வந்தபோது மார்லிஸ் கரிம வேதியியல் வகுப்பில் இருந்தாள். அன்றே அவள் —'

பொய். அந்த வகுப்பை விட்டு அவள் அதற்கு முன்பே விலகியிருந்தாள்.

நடந்தது இதுதான். மார்லிஸ் ஓக்கர்லண்ட், பால் பண்ணைக்காரர் மகள். டாக்டராக ஆசை. அமெரிக்காவில் அதற்கு முதலில் ஒரு பட்டம் முடித்தாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியல், இயற்பியல், புள்ளியியல் மூன்றும் சேர்ந்து அவள் கழுத்தைப் பிடித்தன. முதல் தேர்வுகளில் தோற்றாள். அடுத்தவை நெருங்கியதும் பயந்துபோய் மூன்றிலிருந்தும் விலகிவிட்டாள். மதிப்பெண் பட்டியலில் அந்த மூன்று இடங்களிலும் 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்து விழுந்தது. விலகினாள் என்று மட்டும்தான் அது சொல்லும். ஏன், எப்போது என்று சொல்லாது.

அடுத்த வாரம்தான் டிராக்டர் கவிழ்ந்தது. டரலின் இடுப்பெலும்பு நொறுங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க மார்லிஸ் பண்ணையில் தங்கி மாடுகளைக் கறந்துவிட்டு, மிச்சமிருந்த வகுப்புகளுக்குக் காரோட்டி வந்து போனாள்.

(இந்த இடத்தில் குளிரை ஒரு பத்திக்கு வர்ணித்திருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்காக அது வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது.)

மறு ஆண்டு மூன்று பாடங்களையும் திரும்ப எடுத்தாள். இரண்டில் ஏ, இயற்பியலில் பி.

3

மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவர் திருமதி டெலனி. பட்டியலைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஒரு டபிள்யூன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஒரே பருவத்துல மூணுன்னா கண்டிப்பா கேப்பாங்க. கேக்கட்டுமே! உன்கிட்டதான் பதில் இருக்கே."

"என்ன பதில்?"

"என்ன கேள்வி இது? உங்க அண்ணனோட விபத்துதான்."

"அது அப்புறம் நடந்தது."

"எவ்ளோ அப்புறம்?"

"ஒரு வாரம்."

டெலனி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த எழுத்துக்குப் பக்கத்துல தேதி போடறதில்ல, கண்ணு."

(இவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவ்வளவு பரிவாகத்தான் சொன்னாராம்.)

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனவள் டரலிடம் இதைச் சொன்னாள். அவன் பாதிதான் கேட்டான்.

"சொல்லிட்டுப் போயேன்! என் இடுப்பு உனக்காவது உதவட்டும். எனக்கு உதவல."

"டரல், நான் உனக்காகப் படிப்பை விடல. ஃபெயிலாயிடுவேன்னு பயந்து முன்னாடியே விட்டுட்டேன்."

"அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா, நீ எங்களுக்காக —"

"தெரியும். கேட்டுட்டு சும்மாதான் இருந்தேன்."

டரல் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். "உன் படிப்பை நாந்தான் கெடுத்தேன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டிருந்தேன்டி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். அது கோபமா நிம்மதியா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். தெரிந்த மாதிரி ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: 'அவன் முதுகில் ஒரு பாரம் இறங்கியது போல —'

வேண்டாம்.

4

மருத்துவக் கல்லூரி நேர்காணல். எதிரே டாக்டர் ஹார்க்னஸ், குழந்தை மருத்துவர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். வாய் உலர்ந்திருந்தது.

"ஒரே பருவத்துல மூணு பாடம் விட்டிருக்கீங்க. உங்க அண்ணனுக்கு அடிபட்டதும் அந்தச் சமயம்தான்னு விண்ணப்பக் கட்டுரைல இருக்கு. அதனாலதானே?"

தலையாட்டினால் போதும். தப்பிக்கும் கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இல்லைங்க டாக்டர். தோத்துடுவேன்னு பயந்து விட்டேன். விபத்து அதுக்கப்புறம்."

ஹார்க்னஸ் நிமிர்ந்தார். "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்."

"நாளைக்கு ஒரு குழந்தை முன்னாடி அதே பயம் வந்தா? அப்பவும் ஓடுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராகியிருக்கவில்லை.

"பயம் வரும்," என்றாள். "அப்ப நான் பயந்ததை யார்கிட்டயும் சொல்லல. தப்பு அங்கதான். இப்பல்லாம் உடனே சொல்லிடறேன். ஓடமாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ண முடியாதுங்க."

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் இடம் கிடைக்கிறது, டரல் பீர் பாட்டிலைத் தூக்கி வாழ்த்துகிறான். உண்மை பேசினால் பலன் உண்டு என்றாகிவிடுகிறது. மற்றதில் கிடைக்கவில்லை. உண்மைக்குக் காலமில்லை என்றாகிவிடுகிறது. நடந்தது எது என்று மார்லிஸ் சொல்லித்தான் இருக்கிறாள். அதை நான் எழுதப் போவதில்லை.

அவள் கைகுலுக்கிவிட்டு வெளியே போனாள். தேர்வுக் குழுவுக்கு டாக்டர் ஹார்க்னஸ் தன் கருத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். இடங்கள் கொஞ்சம். டபிள்யூவே இல்லாத பட்டியலோடு வெளியே பலர் காத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் எதற்குப் பயந்தார்கள் என்று எந்த எழுத்தும் சொல்லாது.

ஹார்க்னஸின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுதுங்கள்.