விற்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள்

மருந்துப் பைகளில் ஒட்டும் லேபலைத் தமிழில் அச்சிட, பார்மசிகளுக்காக நான் ஒரு மென்பொருள் எழுதினேன். யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். என் பெயருள்ள உரிமைக் குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது. இதுதான் லைசன்ஸ். அந்தக் குறிப்பில் பெயருக்குக் கீழே என் போன் நம்பரையும் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முன்பு என்னோடு வேலை செய்த பிரியந்தன் அதற்கு வேறு பெயர் வைத்து, கொழும்புப் பக்கம் வெள்ளவத்தையிலிருந்து வத்தளை வரை விற்றான். பழுது வந்தால் உடனே வந்து பார்ப்பதாக வாக்குறுதி வேறு. அவன் போனை எடுப்பதில்லை. கடைக்காரர்கள் திரையில் தெரிந்த நம்பருக்கு அடித்து என்னைத் திட்டினார்கள்.

கொச்சிக்கடையில் பார்மசி வைத்திருக்கும் புவாத் நானா போனில் கத்தினார். "புது பிரிண்டர்ல அர குளிச எண்டு அடிச்சா ஒரு குளிச எண்டு வருது தங்கச்சி! ஆக்கள் கூடக் குடிச்சு மௌத்தாப் போனா யாரு பொறுப்பு?"

அதுவரை மாத்திரை அளவைக் கையால் எழுதச் சொல்லிவிட்டு, பாமன்கடையிலுள்ள பிரியந்தனின் அலுவலகத்துக்குப் போனேன்.

"வித்தது நீ. நீயே திருத்து."

"விக்கலாம் எண்டு எழுதினது நீங்கதானே அக்கா? உங்கட பேர், நம்பர், ஒண்டும் நான் அழிக்கேல்லை. உத்தரவாதம் இல்லையெண்டும் நீங்கதான் எழுதியிருக்கிறீங்க." சிரித்தான். "உந்தக் கோட் எனக்கு விளங்காது. நீங்க திருத்தி விட்டா, நான் கொண்டுபோய்ப் போடுறன்."

விற்பது குற்றமில்லை. மனதாரத்தான் அனுமதித்தேன். ஆனாலும் வயிறு எரிந்தது. திருத்தாமல் விட்டால் அவன் வியாபாரம் நாறிப்போகும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாகவே இருந்தது. ஆனால் புவாத் நானாவாவது கவனித்துவிட்டார். கவனிக்காத கடைகளில் குளிசை வாங்குகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அன்று மத்தியானமே திருத்தி இணையத்தில் போட்டேன். வழக்கம்போல இலவசமாக.

அடுத்த கிழமை புவாத் நானா மறுபடியும் போன் செய்தார்.

"லேபல் இப்ப சரி தங்கச்சி. பிரியந்தன் தம்பி நேர்ல வந்து புதுசு போட்டுட்டுப் போனார். கெட்டிக்காரன். அடுத்த வருஷ சர்வீஸையும் அவருக்கே குடுத்துட்டன். நீங்களும் அவருக்கிட்ட கொஞ்சம் வேல பழகிக்கோங்க."