மாமன் தூக்காத தட்டு

பட்டுப்புடவை வேர்வையில் கசகசவென்று ஒட்டியது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கன்னியர் மடத்தின் கோயில் வாசலில், தலை நிறையப் பூவோடு கல்யாணப் பொண்ணு மாதிரி நின்றாள் கலைமதி. மாப்பிள்ளைதான் இல்லை. பூசை நடுவில் பட்டையும் பூவையும் கழற்றிவிட்டு, வெள்ளை அங்கியும் முக்காடும் போட்டு வந்தால் அவள் சிஸ்டர்.

அதற்கு முன்னால் ஒன்று பாக்கி. அங்கியைத் தட்டில் வைத்து, பெண் வீட்டார் பீடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அந்த மடத்து வழக்கம் அது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். தாய்மாமன் சென்னப்பன் தூக்குவதாகப் பேச்சு. மொரப்பூரிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்ட மனுஷன், தட்டைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"என்னங்க மாமா?"

"நம்மளால ஆவாது சாமி. உங்கப்பன் செத்தன்னிக்கி உங்கம்மாவுக்குக் கோடிப் பொடவ எடுத்தாந்தேனே, அதும் இப்பிடித்தான் வெள்ளையா மடிச்சுக் கெடந்துது. அதே கையால உனக்கும் தரச் சொல்றியா?"

"இது வேறங்க மாமா. நான் ஏசுவுக்கு வாக்கப்படறேன். இது கல்யாணத் துணி."

"கல்யாணத்துக்கு மாமன் செவப்புல எடுப்பான். வெள்ள எடுத்தா ஊரே காறித் துப்பும்."

மாமன் பெண்டாட்டி எழிலரசி அத்தை சும்மா இருப்பாளா? "ஒரே வூட்ல ரெண்டு வெள்ள. உங்கூரு இண்டூர்ல பேசறதுக்கு ஆளா இல்ல?"

வெள்ளை என்றால் தூய்மை, முக்காடு என்றால் கடவுளுக்குச் சொந்தம். பயிற்சியில் சிஸ்டர் நிர்மலா சொல்லிக்கொடுத்ததெல்லாம் கலைமதிக்கு மனப்பாடம். மாமாவிடம் அதில் ஒரு வார்த்தைகூட எடுபடவில்லை. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அம்மா ராணியம்மாள் கடைசித் தூணோரம் ஒண்டி நின்றாள். தம்பி சென்னப்பன் அன்றைக்குப் போட்ட அதே வெள்ளைப் புடவை. கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவள். ஞாயிறு பூசை தவறியதில்லை. ஆனாலும் புருஷன் போனதிலிருந்து நல்ல காரியம் எதிலும் அவள் முன்னால் வருவதில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

"அம்மா, நீ தூக்கு."

"அட போடி. நானா? நல்ல காரியத்துல முண்டச்சி கை படலாமா?"

"நீ தூக்கலன்னா நான் இப்பிடியே பட்டோட வூட்டுக்கு வந்துருவேன்."

ராணியம்மாள் மகளையே பார்த்தாள். வரட்டுமே என்று ஒரு நொடி ஆசைப்பட்ட மாதிரிதான் இருந்தது. அப்புறம் தட்டை வாங்கிக்கொண்டாள். பீடம் வரைக்கும் நிமிரவே இல்லை. கல்லறைக்குப் பூ கொண்டுபோகிற நடை.

பூசை முடிந்தது. பிரியாணியும் முடிந்தது. பிறந்ததிலிருந்து சாமி, கண்ணு என்று கூப்பிட்ட மாமா, கையைக் கூப்பி, "வர்றோங்க சிஸ்டர்" என்றார்.

கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, அம்மா அவள் அங்கியின் கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி, இதப் போடறதுக்கு முந்தி உன்னயக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா. மதர் கேட்டாங்க, சாமியார் கேட்டாரு. மனசார வேணுமான்னு அத்தன பேரு முன்னாடியும் கேட்டாங்களே, நீயுந்தான இருந்த?"

அம்மா தலையாட்டினாள். தன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்னய ஒருத்தரும் கேக்கல."

பக்கத்திலேயே நின்ற சென்னப்பனுக்கு அது காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் பஸ் வராத ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.