பஞ்சக்காவின் பச்சைப் புள்ளிகள்

கடற்பஞ்சுகளோடே காலம் தள்ளுகிறவள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். பாறையடியில் ஒட்டி வளரும் மஞ்சள் பஞ்சு ஒன்றை அரைத்து, ஊறவைத்து, வடித்து, படாத பாடு பட்டுக் கடைசியில் நகக்கண் அளவு பொடி எடுத்திருந்தாள். புற்றுநோய் செல்களை அது கொல்லும் என்று அவளும் இயக்குநரும் மலைபோல் நம்பினார்கள். அது ஒன்றையும் கொல்லவில்லை. பொடி கலந்த நீரில் அந்தச் செல்கள் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சௌகரியமாகக் கிடந்தன. இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், அடுத்த வேலையைப் பாருங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கொழுந்தனிடம் இதைச் சொன்னாள். அந்தப் பஞ்சைக் கடலடியிலிருந்து எடுத்துத் தந்தவனே அவன்தான். முக்குளிப்பது அவன் தொழில். பிறகு வேறொரு வேலைக்கு இறங்கியபோது செவிப்பறை கிழிந்துவிட்டது. இனி ஆழத்துக்குப் போனால் காது அடியோடு போய்விடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதிலிருந்து ஆள் முகட்டைப் பார்த்தபடி வீட்டில் கிடந்தான்.

"என்ன அண்ணி, உங்க மருந்து சுத்த சைவம் போலிருக்கே" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தட்டைக் கழுவும்போது ஒரு சந்தேகமும் வந்தது. கொல்லாதது இருக்கட்டும், அந்தப் பொடி செல்லுக்குள் போனதா, இல்லை வாசலோடு திரும்பிவிட்டதா?

உள்ளே போயிருந்தால் ஊதா ஒளியில் மின்னிக் காட்டிக்கொடுக்கலாம் என்று, காலையில் முதல் வேலையாகச் செல்களை நுண்ணோக்கியில் வைத்து அந்த ஒளியைப் பாய்ச்சினாள். செல் முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள் அங்கங்கே கடுகைத் தூவினாற்போலப் பச்சைப் புள்ளிகள் மின்னின. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கழிவைச் செரிக்கும் குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. அவற்றுக்குள் மட்டும் அமிலம் இருக்கும். பொடி அந்த அமிலம் பட்ட இடத்தில்தான் ஒளிர்கிறதோ?

செல் வளர்க்கும் தோழியைக் கூப்பிட்டாள். இருவருமாகப் பைகளின் அமிலத்தைத் தணிக்கும் உப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கி அணைந்தன. உப்பைக் கழுவிவிட்டதும் மறுபடி தலைகாட்டின. தோழி பஞ்சக்காவின் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். செல்லுக்குள் இருப்பதைப் பார்க்க அவர்கள் கையிலிருந்த மற்ற சாயங்கள் செல்லைக் கொஞ்ச நேரத்தில் வாட்டி வதைத்துவிடும். இதுவோ ஒரு கெடுதலும் செய்யாமல் உள்ளே அமிலம் எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தது.

இயக்குநர் வந்து பார்த்தார், நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்து பார்த்தார். இன்னும் நிறையப் பொடி வேண்டும், உங்கள் கொழுந்தனிடம் சொல்லுங்கள் என்றார். அவரால் இனி இறங்க முடியாது, வேறு வழி பார்க்கிறேன் என்று பஞ்சக்கா முடித்துக்கொண்டாள். வீட்டில் கணவனைத் தவிர யாரிடமும் மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் கணவனிடம் ஒரு ரகசியம் தங்குமா? தம்பியிடம் உளறிவிட்டான்.

மறுநாள் கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணி."

"கேட்டா நீ இறங்கிடுவே, தம்பி. போன காது திரும்ப வராது."

"இறங்கறேன்னு யார் சொன்னா? இடம் எனக்குத்தானே தெரியும். நான் ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டேன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. காதை நினைத்த அளவுக்கு அந்த மனிதனை நினைக்கவில்லை என்று புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, எப்போது போகலாம் என்று கேட்டாள்.

அவனுடைய கூட்டாளி ஒருவன் முக்குளிக்க ஒப்புக்கொண்டான். கடல் அடங்கியிருந்த ஒரு காலையில் மூவரும் படகில் போனார்கள். கொழுந்தன் கரையில் தெரிந்த கட்டடங்களையும் தண்ணீரின் நிறத்தையும் மாறி மாறிப் பார்த்து, படகை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்லி ஓரிடத்தில் நங்கூரம் போடச் சொன்னான். தட்டையான பாறைக்கு அடியில், கையை உள்ளே விட்டால் இடப்பக்கம் இருக்கும், நுனியை மட்டும் வெட்டு, அடியை விட்டுவிடு, அது வளரும் என்று கூட்டாளிக்குப் படித்துப் படித்துச் சொன்னான். கூட்டாளி இறங்கியபின், மேலே வரும் குமிழிகளை விட்டுக் கொழுந்தன் கண்ணை எடுக்கவில்லை. பஞ்சக்கா ஏதோ கேட்டாள். அவன் காதில் விழவில்லை. அது கெட்ட காதாலா, மனம் முழுக்கக் கீழே இருந்ததாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்காமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வலைப்பையில் மஞ்சள் பஞ்சு மேலே வந்தது. கொழுந்தன் அதை வாங்கி வாளித் தண்ணீரில் பதமாக இறக்கினான்.

புதுப் பொடி தயாரானதும் பஞ்சக்கா அவனை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனாள். நுண்ணோக்கியில் கண் வைத்தவன் நெடுநேரம் அசையவில்லை.

"உள்ள இப்படி வெளிச்சம் போடறது அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டான்.

"தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு அது வேலையைப் பாக்குது."

"அண்ணி, ஒண்ணு நடுவுல இடுங்குது."

அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. பச்சைப் புள்ளிகளில் சில இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமுமாக நகர்ந்தன. முழுக்கப் பிரியும்வரை இருந்து பார்த்துவிட்டு வரட்டுமா என்று அவன் கேட்டான். நாளைக்குக் கூட்டாளிக்கு இடம் காட்டப் படகில் போக வேண்டும், ஆனால் இன்றைக்கு வேலை ஒன்றும் இல்லையாம். இருந்து பார் என்று சொல்லி, விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, பஞ்சக்கா குடுவைகளைக் கழுவப் போனாள்.