யுவாஸ்குலாவில் இல்லாத நகுலேஸ்வரன்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது; பொய் என்னுடையது. இத்தாலியின் பலெர்மோவில் வீடு துடைக்கிறவன் நான். போன வருடக் கோயில் திருவிழா மலரில் ‘நான் கண்ட யுவாஸ்குலா’ என்றொரு கட்டுரை எழுதினேன். அந்த ஊரை நான் கண்டதே இல்லை. பின்லாந்தின் ஏரிக்கரை நகரம், 1837இல் உருவானது, பின்னிஷ் மொழியில் படிப்பித்த முதல் உயர்பள்ளி, ஆசிரியர் கல்லூரி, அது வளர்ந்த பல்கலைக்கழகம்: எல்லாம் நான் வேலை செய்யும் வீட்டுச் சினியோராவின் சோபாவில் இருந்து போனில் வாசித்தவை.

(தமிழன் இல்லாத ஊரைப் பற்றி எங்கள் சனம் வாசிக்காது. ஆகவே நகுலேஸ்வரன் என்று ஒருவரை அங்கே குடியேற்றினேன். படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்திருப்பவர். மனைவி புட்டு அவிப்பார்.)

2.

தொடக்கம் ஒன்று: ‘ஏரி உறைந்த ஒரு காலையில்...’ வேண்டாம், காணாததை எழுதும் பழைய குணம்.

தொடக்கம் இரண்டு: பல்லாரோ சந்தையில் ஞானம்பிகை என்னை மறித்தார். சந்தையை அடுத்த அல்பெர்கேரியாப் பகுதியில் இருப்பவர், மாடிப்படி கழுவும் வேலை.

“அண்ணை, என்ரை மகள் நிரோசினிக்கு நீங்கள் எழுதின ஊரிலை கம்பஸிலை இடம் கிடைச்சிட்டுது. குமர்ப்பிள்ளையைத் தனிய விடமாட்டன் எண்டுதான் நிண்டனான். உங்கடை கட்டுரையைப் பாத்தாப் பிறகுதான் ஓம் எண்டனான். நகுலேஸ்வரன் அண்ணையோடை ஒருக்காக் கதைக்கவேணும்.”

‘அப்படி ஒருவர்...’ என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை அன்று முடிக்கவில்லை. “உங்களுக்குப் போன் எடுக்கச் சொல்லுறன்” என்றேன்.

3.

அவருக்குப் போன் எடுத்தது நான்தான். நம்பரை மறைத்து, குரலைத் தடிப்பாக்கி.

“யோசியாதேங்கோ தங்கச்சி, இது பிள்ளையின்ரை வீடு.”

ஞானம்பிகை அழுதார். நன்றி சொன்னார். இதை எழுதும்போது காது சுடுகிறது.

அடுத்த நாள் மகள் நிரோசினி என் நம்பருக்கே எடுத்தாள்.

“அங்கிள், நேற்று அம்மாவோடை கதைச்சது நீங்கள்தானே, உங்கடை குரல் எனக்குத் தெரியாதே? நான் அங்கை ஹொஸ்ரலிலை அறை எடுத்திட்டன். பெர் ஃபவோரே, தயவுசெய்து அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா விடமாட்டா.”

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

4.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன், நிரோசினி தாயோடு படி கழுவப் போகிறாள்.

முடிவு ஆ: சொல்லவில்லை. அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஞானம்பிகை யாரைத் தேடுவார்? இல்லாத ஒருவரை.

முடிவு இ எனக்கு வரவில்லை. இந்த வருட மலருக்கு இதையே கொடுத்திருக்கிறேன். திருவிழாவுக்கு அடுத்த கிழமை நிரோசினியின் விமானம். ஞானம்பிகை விளம்பரம்கூட விடாமல் வாசிப்பவர். நீங்கள் இதை வாசிக்கும்போது அவருடைய பிரதி கோயில் மேசையில் கிடக்கும். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதா, கிழிக்காமல் கொடுப்பதா என்று வாசிக்கிற நீங்களே முடிவுசெய்யுங்கள். எனக்குத் துணிவில்லை.