நோவை வாயால் சொல்ல வேண்டும்

நோயாளியைக் கூட்டிவாருங்கள் என்றால் நோயாளியின் தம்பியைக் கூட்டிவருகிற சனத்தை என்னதான் செய்வது? டொக்டர் பிரதீபா கட்டிலில் படுத்திருந்த மனிதரின் வயிற்றை இன்னொரு தரம் பார்த்தாள். மாசி மாதம் வயிற்றைத் திறந்து பார்த்து, புற்றுநோய் பரவிவிட்டது, இனி வெட்டியும் பயனில்லை என்று திரும்பத் தைத்து அனுப்பப்பட்டவர் என்று ஆசுப்பத்திரித் துண்டில் எழுதியிருந்தது. இந்த வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

"உங்கடை பேர் என்ன ஐயா?"

"தியாகலிங்கம்," என்றார் அவர், மகன் என்று கூட வந்த கஜானனைக் கடைக்கண்ணால் பார்த்தபடி.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இவர் ஆர்?"

கஜானன் தலையைச் சொறிந்தான். "சித்தப்பா, டொக்டர். அப்பான்ரை தம்பி."

அதுவரை உருக்கமாக முனகிக்கொண்டிருந்த மனிதர் மளமளவென்று எழும்பிச் சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். தன் பெயர் பொன்னம்பலம் என்றும் சொன்னார்.

பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருந்தது பிரதீபாவின் சித்த வைத்திய நிலையம். நோவைத் தணிக்கிற, கஞ்சா சேர்ந்த லேகியத்தை அரசாங்கத்திடமிருந்து எடுத்துக்கொடுக்க அவளுக்கு அனுமதி இருந்தது. ஆனால் நினைத்தபடி கொடுத்துவிட முடியாது. வைத்தியர் நோயாளியை நேரில் பார்க்க வேண்டும். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவருக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு நோகிறது என்று அவர் தன் வாயால் சொல்ல, வீட்டில் மருந்தை அளந்து கொடுக்கப்போகிறவரும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்றிதழ். கடற்கரையில் கேரளக் கஞ்சா மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது, அதற்கு ஒருவரும் சான்றிதழ் கேட்பதில்லை. சாகக்கிடக்கிற மனிதருக்கு ஒரு கரண்டி லேகியம் கொடுக்கத்தான் இவ்வளவு தலையிடி. சரி, சட்டம்தான் அப்படி என்றால் சனம் அதற்கு மேலே நிற்கிறது.

"அப்பாவுக்குக் கான்சர் எண்டு தெரியாது, டொக்டர்," என்றான் கஜானன். "வயித்துப்புண் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். நீங்கள் பேரைச் சொன்னால் மனுசன் இடிஞ்சுபோயிடுவார். அதுதான்..."

"அதுதான் சித்தப்பாவுக்குக் கான்சரைக் குடுத்தனீங்களாக்கும்."

"அண்ணை படுற பாட்டைப் பாக்கேலாமல் கிடக்குப் பிள்ளை," என்றார் பொன்னம்பலம். "கேட்டால் ஒண்டுமில்லை எண்டுவார். நித்திரையிலை கிடந்து முனகுறார்."

அதைக் கேட்ட பிறகு அவர்களை விரட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்பிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

வாசற் படலையிலேயே தியாகலிங்கத்தின் மனைவி கமலாவதி மறித்துக்கொண்டாள். "பிள்ளை, வயித்துப்புண் எண்டே கதையுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அம்மா, பொய் சொல்லிப்போட்டு நான் கையெழுத்து வைக்கேலாது."

"தேத்தண்ணி போடுறன்," என்றாள் கமலாவதி, அதுதான் பதில் என்பதுபோல.

தியாகலிங்கம் எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனாலும் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்து, வந்தவளைப் பார்த்துச் சிரித்தார். கமலாவதியும் கஜானனும் கட்டில் காலடியில் காவல் நின்றார்கள்.

"நோ எப்பிடி ஐயா?"

"நோவோ? அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை. உது வாயு."

அவருடைய கை போர்வையை முறுக்கிப் பிடித்திருந்தது. பிரதீபாவுக்குப் பேனையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. வீட்டுக்காரர் நோயை ஒளிக்கிறார்கள், நோயாளி நோவை ஒளிக்கிறார். இரண்டும் இல்லாமல் அவள் எதற்குச் சான்றிதழ் கொடுப்பது? தாயையும் மகனையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஐயா, உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு தெரியுமோ?"

அவர் கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "கனடாவிலை இருக்கிற மகள் வந்து ஒரு கிழமை நிண்டிட்டுப் போனவள். வயித்துப்புண்ணுக்கு ஆர் பிள்ளை பிளேன் ஏறி வருவினம்?"

"பிறகேன் நோகேல்லை எண்டனீங்கள்?"

"எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறபடியால்தான் மனுசி ரண்டு வாய் சாப்பிடுறாள். நோகுதெண்டு சொன்னால் அதுவும் போச்சு. நல்லா நோகுதெண்டு நீங்களே எழுதுங்கோவன். நான் சொன்னதெண்டு அவளுக்குச் சொல்லாதேங்கோ."

பிரதீபாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மருந்து தரப்போறது நானில்லை ஐயா, அம்மாதான். காலமையும் பின்னேரமும் எவ்வளவு நோகுதெண்டு கேட்டுத்தான் அவ அளக்கவேணும். நீங்கள் நோ இல்லை எண்டால் மருந்தும் இல்லை. எல்லாரும் நல்ல ஆக்கள்தான். பாசம் பாசம் எண்டு ஒருத்தரை ஒருத்தர் வதைச்சுக்கொண்டு இருக்கிறியள்."

சொன்ன பிறகு, நோயாளியிடம் இப்படிக் கத்தினோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னதை அவள் திருப்பி எடுக்கவில்லை.

முறுக்கிப் பிடித்திருந்த போர்வையைத் தியாகலிங்கம் கைவிட்டார். "கதவைத் திறவுங்கோ," என்றார்.

கமலாவதி தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள்.

"இஞ்சரும், அதை வைச்சிட்டு இதிலை இரும்."

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"எனக்கு நோகுது," என்றார் அவர். "தாங்கேலாமல் நோகுது. கான்சர் எண்டால் அப்பிடித்தானே."

கமலாவதி அழவில்லை. "எப்ப துவக்கம்?" என்று கேட்டாள்.

"ஆசுப்பத்திரியாலை வந்ததிலை இருந்து."

"இவ்வளவு நாளும் எனக்குப் பக்கத்திலை கிடந்து கொண்டு..." முடிக்க முடியாமல் அவருடைய தோளில் ஓர் அடி போட்டாள். போட்ட கையோடு பயந்துபோய் அந்த இடத்தைத் தடவினாள். பிரதீபாவின் பக்கம் திரும்பி, "இப்பவே குடுக்கலாமோ பிள்ளை?" என்றாள்.

அதுதான் பிரதீபா பயந்துகொண்டிருந்த கேள்வி. சான்றிதழ் கொழும்புக்குப் போக வேண்டும், அங்கிருந்து லேகியம் வரவேண்டும். இந்த நாடகம் ஒன்றும் ஆடாமல் முன்னமே வந்திருந்தால் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"வாற கிழமைதான் அம்மா வரும்."

கமலாவதி புருசனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுவரைக்கும் ராவிலை நோகேக்கை என்னை எழுப்புங்கோ," என்றாள்.

"ஓம்," என்றார் அவர்.