அல்லிக்கு வைத்த தனிப் பானை

இப்போதெல்லாம் ஆட்கள் கதையைக் கேட்டு அழுகிறார்கள். கண்ணெதிரே நடப்பதைப் பார்த்து ஒருவனும் மூக்கைச் சிந்துவதில்லை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகிறது. எல்லாரும் சமம் என்று அவனும் சொன்னான், இப்போது ஆள வந்த இவர்களும் சொல்கிறார்கள். நெரவியில் எங்கள் சேரிக்கு வருகிற வழியில் அந்தச் சொல் எந்தச் சேற்றில் மாட்டிக்கொள்கிறதோ தெரியவில்லை.

என் பேத்தி அல்லி காரைக்காலில் எட்டாவது படித்தாள். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் போன முதல் பெண். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையை அவள் தொடக் கூடாது. யாராவது மேலேயிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். ஊற்ற ஆளில்லாத நாளில் காய்ந்த தொண்டையோடு வீட்டுக்கு நடந்து வருவாள்.

அவள் வாத்தியார் குஞ்சிதபாதம் ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்து வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் வாசித்தார். அந்தக் காலத்துக் கரும்புத் தீவு ஒன்றில் ஒரு கறுப்புப் பெண். வெள்ளைக்கார முதலாளியின் கிணற்றை அவள் தொடக் கூடாது. கொல்லையில் அவளுக்கென்று ஒரு மரத்தொட்டி.

“தாத்தா, இன்னிக்கு வாத்தியாரு அழுதுட்டாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.”

“நல்லா அழட்டும். ஒனக்குத் தண்ணி ஊத்துனாரா?”

அல்லி சொம்பை எடுத்துக் குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தாள்.

திங்கட்கிழமை வந்து பையை மூலையில் வீசினாள். “இனிமே போவ மாட்டேன். அம்மாவோட நடவுக்குப் போறேன்.”

கேட்டுக் கேட்டு இரவுச் சோற்றின்போதுதான் விஷயம் வந்தது. வாத்தியார் தன் செலவில் ஒரு சின்னப் பானையும் தகரக் குவளையும் வாங்கி, பின்சுவர் ஓரமாக வைத்திருக்கிறார். பானையில் சுண்ணாம்பால் அவள் பேர். “எல்லாப் புள்ளைங்களயும் கைதட்டச் சொன்னாரு, தாத்தா.”

மறுநாள் நாற்றுமுடியை வரப்பில் போட்டுவிட்டு நேரே போனேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வாத்தியார் மட்டும் இருந்தார்.

“வா கருப்பையா,” என்றார். அவர் அப்பனுக்கு என் வயது இருக்கும். “பானையப் பாத்தியா? இனிமே உன் பேத்தி யார் கையையும் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம். இங்க இதுவரைக்கும் யாரும் செய்யாதத செஞ்சிருக்கேன்.”

“அந்த வெள்ளக்காரனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்.”

“எந்த வெள்ளக்காரன்?”

“ஒங்க புஸ்தகத்துல தொட்டி வச்சவன்.”

“அது வேற, கருப்பையா. அங்க நெறத்த வச்சு ஒதுக்குறான்...”

“கைய நீட்டுங்க. என் கை பக்கத்துல வச்சுப் பாருங்க. நீங்க என்னயவிடக் கறுப்பு.”

நீட்டவில்லை. எழுந்து பின்சுவருக்குப் போனார். சின்னப் பானையைத் தூக்கி, அதிலிருந்த தண்ணீரைப் பெரிய பானையில் கவிழ்த்தார். அல்லியின் குவளையால் மொண்டு மடமடவென்று குடித்தார். சட்டையெல்லாம் ஈரம்.

“போதுமா? நாளைக்கு அவள அனுப்பு.”

என் கோபம் அங்கேயே இறங்கியிருக்கும். ஆனால் பானையைத் தூக்கும் முன் அவர் வாசலைப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். தலைமை ஆசிரியர் அறை பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை. தெருவில் ஆளிருக்கிறதா என்று ஒரு தடவை.

“அனுப்புறேன். மொத மணிக்கு வருவா. பெரிய பானையில தன் கையால மொண்டு குடிப்பா. அதே குவளையில நீங்களும் குடிக்கணும். எல்லாப் புள்ளையும் பாக்கணும்.”

“தலைமை ஆசிரியர ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு...”

“ஒங்க புஸ்தகத்துல அந்தப் பொண்ணு கடைசில கெணத்துத் தண்ணியக் குடிச்சாளா?”

“குடிச்சா.”

“யாரக் கேட்டுக்கிட்டுக் குடிச்சா?”

காலிப் பானையைக் கையில் எடுத்தேன். வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும்.

வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். “இருங்க, கருப்பையா. கொஞ்சம் இருங்க.”

‘இருங்க’ என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு அந்த மரியாதை வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் யார் காதிலும் விழாத நேரத்தில். நான் திரும்பிப் பார்க்காமல் நெரவிப் பக்கம் நடந்தேன்.