மிளகு அறையில் வயது குறைந்த மொறிஸ் மைனர்

மாத்தளையில் ஜெஸ்லா வீட்டு மிளகு அறையில் அடுக்கியிருந்த மொறிஸ் மைனர் காரின் உதிரிப்பாகங்களுக்குப் போன வருஷம் வயது குறையத் தொடங்கியது. முதலில் விளக்கு வளையத்தின் துருப்புள்ளி காணாமல் போனது. பிறகு பம்பர் பளபளத்தது. நோன்பு முடிவதற்குள் அறை முழுக்கப் புத்தம்புதுக் காரின் வாசனை. அந்த மாதம் மிளகு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெஸ்லா சாமான் வைக்கிற நேர்த்தி அப்படி. இரும்புக்குக் கிரீஸ் பூசி மெழுகுத்தாளில் சுற்றுவாள். பத்திரிகைத்தாள் ஈரத்தை இழுக்கும் என்று கிட்டவும் சேர்க்கமாட்டாள். ரப்பர் சாமான்களைத் தொங்கவிட்டால் நீண்டுபோகுமாம், பவுடர் போட்டுப் படுக்கவைப்பாள். எதுவும் சிமெந்துத் தரையில் படாது, பலகைமேல்தான். வியாழக்கிழமை மாலை வீட்டுக்குச் சாம்பிராணி பிடிக்கும்போது மிளகு அறைக்கும் ஒரு சுற்று உண்டு. “பெத்த புள்ளைக்கும் நீ இவ்வளவு செல்லம் குடுக்கல்லயே” என்பார் அவள் கணவர் அப்துல் ஸமத். அந்தப் புகைதான் காரணம் என்று பிற்பாடு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கார் என்னவோ முற்றத்தில் நாலு கல்லின்மேல் வருஷக்கணக்காக நின்றது. அதில் மாட்டிப் பூட்டவேண்டிய எல்லாமே அறைக்குள் இருந்தன. ஆனால் ஒன்றைக்கூட வெளியே எடுக்க ஜெஸ்லாவுக்கு மனம் வரவில்லை. பூட்டிவிட்டால் அது தேய்ந்துபோகாதா? பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் சிறில் கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டார். வில்கமுவவில் இருக்கும் மூத்த சகோதரி ஜுனைதா மட்டும் விடவில்லை. இடுப்பு முறிந்ததிலிருந்து அவளால் பஸ் ஏற முடியாது. வேனில் ஏறினால் வழியில் நாவுல ஊர் வருமுன்பே வாந்தி. அந்த மொறிஸ் மைனரில் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டு ராணி மாதிரி உட்கார்ந்து வருவாள். “எப்ப வந்து கூட்டிட்டுப் போவாய்?” என்று போனில் கேட்கும்போதெல்லாம், “இன்னும் ஒரு சாமான் குறையுது ராத்தா” என்று ஜெஸ்லா கூசாமல் பொய் சொன்னாள். இதற்கிடையில் மகள் நிஹ்லாவின் நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை என்று வந்துவிட்டது. ராத்தா இல்லாமல் நடக்கப்போகிறதே என்று அழவும் செய்தாள்.

வியாழக்கிழமை சாம்பிராணிச் சட்டியோடு அறையைத் திறந்தவள் போட்ட சத்தத்தில் சிறில் கராஜிலிருந்து ஓடிவந்தார். மேலதிகமாக வைத்திருந்த பிரேக் ஹோஸ் ஒன்று வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சிறில் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“தங்கச்சி, இது ரப்பர் பாலு! இப்பத்தான் மரத்துல இருந்து எறக்குன மாதிரி இருக்கு!”

ஸ்பெயாராக இருந்த பிஸ்டன் ஒன்று பாதி செம்மண்ணாகிவிட்டிருந்தது. பாகங்கள் புதிதாகிப் புதிதாகிப் பிறப்பதற்கு முந்தின நிலைக்கே போய்க்கொண்டிருந்தன. ஜெஸ்லா சட்டியை அப்படியே முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தாள்.

“எல்லாத்தையும் பூட்டுங்க அண்ணே! ஒன்னையும் விடாதீங்க!”

இத்தனை வருஷம் பொத்திவைத்த மெழுகுத்தாள்களைத் தன் கையாலேயே கிழித்தாள். பூட்டப்பட்ட பாகம் அந்த வயதிலேயே நின்றுவிட்டது. கல்யாணப் பந்தல் போட வந்தவர்களும் ஸ்பேனர் பிடித்தார்கள். அப்துல் ஸமத் பிரியாணிச் சட்டி துலக்க வைத்திருந்த துணியால் கண்ணாடி துடைத்தார். சனிக்கிழமை காலை முதல் ஸ்டார்ட்டிலேயே கார் உறுமியது, தெருவே கைதட்டியது. ஜெஸ்லா சந்தோஷம் தாங்காமல் ஹாரனை அடித்துக்கொண்டே போனாள்.

வில்கமுவவில் ஜுனைதா பையும் ஊன்றுகோலுமாக வாசலிலேயே நின்றாள்.

“இப்பத்தான் ஒனக்கு சாமான் கெடச்சிச்சா?”

“முந்தியே இருந்திச்சு ராத்தா. நான்தான் குடுக்கல்ல.”

ஜுனைதா அவளை ஒரு பார்வை பார்த்தாள். “சரி சரி, கண்ணாடிய எறக்கு” என்று ஏறி உட்கார்ந்தாள். வாந்தி வரவில்லை. நாவுல தாண்டியதும் ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட்டாள். மாத்தளையில் இறங்கும்போது நரைத்த முடி காதுவரை கறுத்திருந்தது. பந்தலுக்குள் தானே நடந்து போனாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்களே தவிர, வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த அறையில் மிளகு மட்டும்தான். வியாழக்கிழமைப் புகை பட்டுப்பட்டு, விற்காமல் தேங்கிய மிளகு பச்சையாகிவிடுகிறது. ஜெஸ்லா அதை ஊறுகாய் போட்டுப் போத்தலில் அடைத்து, வாராவாரம் காரில் வில்கமுவவுக்குக் கொண்டுபோகிறாள்.

“சாமானெல்லாம் தேயுதே ஜெஸ்லா” என்கிறார் அப்துல் ஸமத்.

“தேயட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் காரை ஸ்டார்ட் செய்கிறாள்.